இருவர் சேர்ந்து எண்ணட்டும்



இந்த வாரத் தியானத்தில் ஒரு பட்டப்படிப்பைப் பற்றி உங்களுக்கு எழுதுகிறேன். தியானத்திற்கும் பட்டப்படிப்பிற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கலாம். இரண்டு பொருள்களை ஒரே மாணவருக்கு ஒரே காலத்தில் கற்பிக்கும் படிப்பு அது. ஒன்று, தொண்டு நிறுவனங்களை நடத்துவதற்கான நிர்வாகக் கல்வி. மற்றொன்று, யூத சமயத்தையும் வரலாற்றையும் நூல்களையும் பயிலும் கல்வி. காலையில் வரவுசெலவுத் திட்டம், மாலையில் தல்மூது. இவ்விரண்டும் எப்படி ஒரே மேசைக்கு வந்தன என்பதைச் சிந்தித்தால், நம்முடைய கைகளில் ஒப்புவிக்கப்பட்டிருக்கிற பொதுப்பணத்தைப் பற்றியும், அதை எண்ணுகிற மனிதரின் நற்பெயரைப் பற்றியும் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு காரியம் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன் இறையியல் மேற்படிப்பிற்காக நான் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு அருகே ஓராண்டு தங்கியிருந்தேன். அந்நாட்களில் பக்கத்து ஊராகிய வால்தமில் இருக்கும் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்திற்குச் சிலமுறை சென்றுவந்தேன். 1948-இல் அமெரிக்க யூதர்களின் ஆதரவோடு, எல்லாச் சமயத்தாரும் பயிலும் இடமாக நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் அது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் யூத நீதிபதியாக 1916-இல் பதவியேற்ற லூயி பிராண்டைஸின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அதன் வளாகத்தில் ஒரு சிறு குளத்தைச் சுற்றி மூன்று ஆலயங்கள் நிற்கின்றன: ஒன்று யூதருக்கு, ஒன்று கத்தோலிக்கருக்கு, ஒன்று புராட்டஸ்டண்ட் சபையாருக்கு. ஒன்றின் நிழல் மற்றொன்றின்மேல் விழாதபடி 1955-இல் அவற்றைக் கட்டினார்கள் என்று சொல்லக் கேட்டேன்.

அங்கே 1969-இல், யூத சமூகப் பணிக்கு ஆட்களை ஆயத்தப்படுத்துவதற்காக, ஹார்ன்ஸ்டைன் என்னும் பெயரில் ஒரு முதுகலைப் பாடத்திட்டம் தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் அது அதே பல்கலைக்கழகத்தின் ஹெல்லர் கல்லூரியோடு இணைந்து இரட்டைப் பட்டம் வழங்கியது. ஹெல்லர் கல்லூரி 1959 முதல் சமூகக் கொள்கையையும் நிர்வாகத்தையும் கற்பித்துவருவது. மாணவர்கள் ஒருபக்கம் கணக்கியல், நிதி திரட்டுதல், அறங்காவலர் குழுவின் கடமைகள், பணியின் பயனை அளவிடும் முறைகள் ஆகியவற்றைக் கற்றார்கள். மறுபக்கம் யூத வரலாறு, யூத நூல்கள், இக்கால யூத சமூகத்தின் நிலை ஆகியவற்றைக் கற்றார்கள். இடையிடையே ஏதேனும் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பயிற்சி. இதற்கு ஓராண்டு முன்னதாகவே, 1968-இல், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஹீப்ரு யூனியன் கல்லூரி இவ்வகைப் பள்ளி ஒன்றைத் திறந்திருந்தது. நியூயார்க் பல்கலைக்கழகத்திலும் பொது நிர்வாகத்தையும் யூதவியலையும் இணைத்துப் பயிலும் இரட்டைப் பட்டம் உருவாயிற்று.

அந்தப் படிப்பில் இருந்த ஒரு மாணவர் எனக்கு நண்பரானார். என்னைவிட வயதில் இளையவர். அவருடைய தோள்பையில் நிதி அறிக்கைகளைப் பற்றிய தடித்த பாடநூலும் மிஷ்னாவின் ஒரு தொகுதியும் ஒன்றாகவே கிடக்கும். யூத மரபில் ஒருவர் தனியே அமர்ந்து நூலைப் படிப்பதில்லை. இருவர் எதிரெதிரே அமர்ந்து, உரக்க வாசித்து, ஒருவரையொருவர் கேள்வி கேட்டுப் படிப்பார்கள். அதற்கு ஹெவ்ருத்தா என்று பெயர். தோழமை என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. அவர் தம் பாடத்திற்கு ஆயத்தப்படும்போது சில மாலைகளில் எதிரே அமர எனக்கும் இடம் கொடுத்தார். நான் இங்கே சொல்லப்போகிறவற்றில் பெரும்பகுதி அந்த மேசையில் கேட்டுக் கற்றவை.

இப்படியொரு படிப்பு ஏன் தோன்றியது? அதற்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. 1654-ஆம் ஆண்டு, பிரேசிலின் ரெசிஃபே நகரிலிருந்து தப்பிவந்த 23 யூதர்கள், இன்று நியூயார்க் என்று அழைக்கப்படும் டச்சுக் குடியேற்றத்தில் கரையிறங்கினார்கள். அங்கே ஆளுநராயிருந்த பீட்டர் ஸ்டைவசன்ட் அவர்களை வெளியேற்ற விரும்பினார். ஆனால் அவருக்கு மேலிருந்த டச்சு மேற்கிந்தியக் கம்பெனியார், அவர்கள் தங்கலாம் என்று 1655-இல் எழுதியனுப்பினார்கள். ஒரு நிபந்தனை இருந்தது: அவர்களில் ஏழைகளாயிருப்போர் கம்பெனிக்கோ ஊருக்கோ பாரமாகக் கூடாது, அவர்களை அவர்களுடைய சொந்த ஜனமே தாங்க வேண்டும். தங்களுடைய ஏழைகளைத் தாங்களே தாங்குவது என்பது அந்த மண்ணில் அவர்கள் குடியிருப்பதற்கே விலையாயிற்று.

1881 முதல் 1924 வரை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏறத்தாழ 20 இலட்சம் யூதர்கள் அமெரிக்காவுக்கு வந்தார்கள். கையில் பணமில்லை, மொழி தெரியாது. அவர்களுக்காக மருத்துவமனைகளும் அநாதை இல்லங்களும் தோன்றின. நியூயார்க்கில் 1892-இல் வட்டியில்லாக் கடன் கொடுக்கும் சங்கம் ஒன்று தொடங்கியது. ஒவ்வொரு அமைப்பும் தனித்தனியே வீடுவீடாய்ப் பணம் கேட்டு அலைந்தபடியால், கொடுப்பவரும் களைத்தார்கள், கேட்பவரும் களைத்தார்கள். எனவே 1895-இல் பாஸ்டன் நகர யூதர்கள் தங்கள் தர்ம நிறுவனங்களையெல்லாம் ஒரே கூட்டமைப்பின்கீழ் இணைத்தார்கள். அமெரிக்காவில் அவ்வகையில் அதுவே முதலாவது. பணம் பெருகியது, நிறுவனங்கள் வளர்ந்தன. அவற்றை நடத்த, கணக்குத் தெரிந்தவர் வேண்டும். ஏன் கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்தவரும் வேண்டும். இவ்விரண்டையும் ஒரே ஆளுக்குள் வளர்க்க முயன்றதே நான் சொல்லும் படிப்பு.

பிரியமானவர்களே, இதை வாசிக்கையில், பழைய மார்க்கம் ஒன்றின்மேல் புதிய நிர்வாகவியலைத் தைத்துச் சேர்த்தார்கள் என்று உங்களுக்குத் தோன்றக்கூடும். என் நண்பர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. "நிர்வாகம் எங்கள் நூல்களுக்கு வெளியே இருந்து வந்ததன்று, பாஸ்டர்" என்று சொல்லி, மிஷ்னாவைத் திறந்தார்.

கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்டது மிஷ்னா. வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவைக்க வேண்டும் என்று லேவியராகமத்தில் நாம் வாசிக்கிறோம் அல்லவா? அந்த வயலோரத்தைப் பற்றியே மிஷ்னாவில் ஒரு தனிப்பகுதி இருக்கிறது. அதன் முடிவை நெருங்குகையில், வயலில்லாத ஊராரைப் பற்றிய பேச்சு வருகிறது. ஊர்தோறும் ஏழைகளுக்கென்று இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். ஒன்று, வாரம் ஒருமுறை பணம் வழங்கும் நிதி. அதற்குக் கூப்பா என்று பெயர். மற்றொன்று, அன்றாடம் உணவு வழங்கும் தட்டு. அதற்குத் தம்ஹூய் என்று பெயர். கூப்பாவுக்கான பணத்தை இருவர் சேர்ந்தே வசூலிக்க வேண்டும். மூவர் சேர்ந்தே பங்கிட வேண்டும்.

வசூலிக்க ஏன் இருவர்? ஒரு சமூகத்தின்மேல் பண அதிகாரம் செலுத்தும் பொறுப்பைத் தனியொருவருக்குக் கொடுக்கலாகாது என்று தல்மூது விளக்குகிறது. பங்கிட ஏன் மூவர்? பணவழக்கைத் தீர்க்க மூன்று நியாயாதிபதிகள் வேண்டும்; பங்கிடுவதும் தீர்ப்பளிப்பதே. இந்தக் குடும்பத்திற்கு எவ்வளவு, அந்த விதவைக்கு எவ்வளவு என்று முடிவு செய்பவர் ஒரு நியாயாசனத்தில் உட்கார்ந்திருக்கிறார். நாம் "உதவி" என்று எளிதாய்ச் சொல்லும் காரியத்தை அவர்கள் நீதிமன்றத்தின் கனத்தோடு பார்த்தார்கள். தர்மத்திற்கு எபிரெயர் வழங்கும் சொல்லாகிய த்ஸெதக்கா என்பதே நீதி என்னும் வேரிலிருந்து பிறந்தது.

அதன் பிறகு அவர்கள் இன்னும் நுட்பமாய் இறங்குகிறார்கள். வசூலிக்கும் இருவரும் கடைத்தெருவில் ஒருவரை விட்டு ஒருவர் பிரிந்து போகக் கூடாது. வழியில் கீழே கிடந்த காசு ஒன்றை அவர்களில் ஒருவர் கண்டெடுத்தால், அதைத் தம் மடியில் போடாமல் தர்மப்பையில் போட வேண்டும். வீட்டுக்கு வந்தபின் எடுத்துக்கொள்ளலாம். பழைய கடனை ஒருவன் தெருவில் வைத்துத் திருப்பிக் கொடுத்தாலும் அப்படியே செய்ய வேண்டும். வசூலான சில்லறையை மாற்ற வேண்டுமானால் பிறரிடம் மாற்ற வேண்டும். தம் சொந்தப் பணத்தோடு மாற்றக் கூடாது. அந்தக் காசு அவருடையதுதான், சந்தேகமில்லை. ஆனால் தூரத்தில் நின்று பார்ப்பவனுக்கு அது எப்படித் தெரியும்? தர்மப்பணத்தை வசூலிப்பவரின் கை அவருடைய மடிக்குப் போவதை மட்டுமே அவன் காண்பான்.

எருசலேம் தேவாலயத்தைப் பற்றி மிஷ்னாவில் சொல்லப்படுவதும் இவ்வாறே. காணிக்கைப் பணம் வைத்திருந்த அறைக்குள் சென்று அதை எடுத்துவருகிறவர், மடிப்பு வைத்த ஆடை உடுத்தக் கூடாது. காலணியும் அணியக் கூடாது. அவர் நாளைக்கு ஏழையானால், காணிக்கையில் கைவைத்த பாவத்தால் ஏழையானார் என்பார்கள். பணக்காரரானால், காணிக்கையை எடுத்தே பணக்காரரானார் என்பார்கள். ஒரு மனிதர் கர்த்தருக்கு முன்பாக மட்டுமன்றி மனிதருக்கு முன்பாகவும் குற்றமற்றவராய் விளங்க வேண்டும் என்பதே அவர்கள் அதற்குச் சொல்லும் காரணம்.

இதை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது என் தகப்பனாரை நினைத்தேன்.

நான் சிறுவனாயிருந்த காலத்தில், எங்கள் கிராமத்துச் சிறிய சபைக்கு அவர் பொருளாளராயிருந்தார். ஞாயிறு ஆராதனை முடிந்தபின் காணிக்கைப் பையை வீட்டுக்குக் கொண்டுவந்து, தரையில் பாய் விரித்து, தனியாய் அமர்ந்து எண்ணுவார். ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதிவைப்பார். எழுத மறந்த வாரங்களும் இருந்திருக்கும். மறுநாள் அவர் வயலுக்குப் போக வேண்டியவர். அறுவடைப் பண்டிகையில் ஏலம் போன காய்கறிக்கும் கோழிக்கும் உரிய பணத்தைப் பலரும் பல நாள் கழித்தே கொடுப்பார்கள். அதையும் அவரே நினைவில் வைத்து வாங்குவார். ஓராண்டு, கூரை வேலைக்காகச் சேர்த்த தொகையில் குறைவு இருக்கிறது என்று பேச்சு எழுந்தது. எவ்வளவு வந்தது என்று திட்டமாய்ச் சொல்ல அவருக்குச் சாட்சி இல்லை. எவ்வளவு குறைந்தது என்று சொன்னவர்களுக்கும் சாட்சி இல்லை. குறைந்ததாய்ச் சொல்லப்பட்ட தொகையை, என் தாயாரின் வளையல்களை அடகு வைத்து அவர் கட்டினார். கட்டிய பிறகு, "எடுக்காதவன் ஏன் கட்டுவான்?" என்றார்கள்.

அவர் எடுக்கவில்லை. இதை நான் அறிவேன். ஆனால் மகனுடைய அறிவை யாரும் கணக்குப் புத்தகத்தில் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். பெட்டியின் சாவியை ஒப்படைத்துவிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து ஆராதித்து, அப்படியே அவர் காலம் முடிந்தது. எங்கள் கிராமத்தார் கொடியவர்கள் அல்லர். அவர் பக்கத்தில் அந்தப் பாயில் இன்னும் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாததே நடந்த தீமை. இருவர் சேர்ந்து எண்ண வேண்டும் என்ற சட்டம் திருடனைப் பிடிக்க ஏற்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது முதலாவது உண்மையுள்ளவனைக் காக்க ஏற்பட்டது.

ஆசரிப்புக் கூடாரத்தின் கணக்கு யாத்திராகமம் 38-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நம்மில் அநேகர் அதை விரைந்து கடந்துபோகிறோம். ஒருமுறை காகிதமும் பென்சிலும் எடுத்து உட்காருங்கள். எண்ணப்பட்ட ஆண்கள் 6,03,550 பேர். தலைக்கு அரைச்சேக்கல் வெள்ளி. அதைக் கூட்டினால் 3,01,775 சேக்கல் வரும். ஒரு தாலந்து என்பது 3,000 சேக்கல். ஆகவே மொத்தம் 100 தாலந்தும் 1,775 சேக்கலும். அந்த 100 தாலந்தில் 100 பாதங்கள் வார்க்கப்பட்டன. மீதியான 1,775 சேக்கல் தூண்களின் கொக்கிகளுக்கும் பூண்களுக்கும் செலவாயிற்று. ஒரு சேக்கல்கூட விடுபடவில்லை. அந்தக் கணக்கும் மோசேயின் கையில் தனியே இருக்கவில்லை. ஆசாரியனாகிய ஆரோனின் குமாரன் இத்தாமாரின் மேற்பார்வையில் அது எடுக்கப்பட்டது. யூத ரபீக்கள் இதைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஜனங்களில் சிலர் மோசேயின் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தார்களாம். அதைக் கேட்ட மோசே, வேலை முடிந்தவுடன் கணக்கைக் கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னாராம். கணக்குச் சொல்லும்போது கொக்கிகளுக்கான 1,775 சேக்கலை மறந்து திகைத்து நின்றாராம். பிறகு கண்களை ஏறெடுத்து, தூண்களின்மேல் இருந்த கொக்கிகளைக் கண்டு நினைவுகூர்ந்தாராம். தேவனோடு முகமுகமாய்ப் பேசியவரும் கணக்குக் கொடுத்தார் என்பதே அக்கதையின் உயிர்.

நண்பரின் வகுப்பில் எழுந்த ஒரு விவாதத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்ற தொண்டு நிறுவனங்கள் ஆண்டுதோறும் 990 என்னும் எண்ணுள்ள படிவத்தில் தங்கள் வரவுசெலவை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். பொதுமக்களும் அதைப் பார்க்கலாம். ஆனால் கிறிஸ்தவ சபைகளுக்கும் யூத ஜெப ஆலயங்களுக்கும் அந்தக் கடமையிலிருந்து சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. அப்படியானால், சட்டம் கேட்காத கணக்கை ஒரு ஜெப ஆலயம் கொடுக்க வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு நூல்களில் இரண்டு பக்கமும் இடமுண்டு. யோவாஸ் ராஜாவின் காலத்தை நினைத்துப் பாருங்கள். ஆலயத்தைப் பழுதுபார்க்க ஆசாரியர்கள் பணம் வாங்கிக்கொண்டிருந்தும், ராஜாவின் 23-ஆம் வருஷம்வரை வேலை நடக்கவில்லை. அப்பொழுது ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டு, அதைப் பலிபீடத்தின் அருகே வைத்தான். பெட்டி நிறைந்தபோது ராஜாவின் சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணினார்கள். அரண்மனையிலிருந்து ஒருவர், ஆலயத்திலிருந்து ஒருவர். அதன்பின் பணத்தை வேலைக்காரருக்குப் பகிர்ந்தவர்களிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை, அவர்கள் உண்மையாய் நடந்தபடியால். இந்த வரியைக் கொண்டு, தர்மப்பணத்தை வைத்திருப்போரிடம் கணக்குக் கேட்க வேண்டியதில்லை என்று தல்மூது முடிவு செய்கிறது. ஆனால் 16-ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராக்கோவ் நகரில் வாழ்ந்த மோசே இசர்லஸ் என்னும் ரபீ, கேளாவிட்டாலும் அவர்களே கணக்குக் கொடுப்பது நல்லது என்று எழுதிவைத்தார். கேட்பது சமூகத்தின் சந்தேகம். கேட்பதற்கு முன்பே கொடுப்பது உக்கிராணக்காரனின் கனம். சட்டம் விலக்குக் கொடுத்த இடத்தில் மனச்சாட்சி படிவத்தை நிரப்பட்டும் என்று வகுப்பில் பலர் சொன்னதாய் நண்பர் கூறினார்.

இந்நெறிகள் உள்ள சமூகத்திலும் வீழ்ச்சி வந்தது. 2008 டிசம்பரில் பெர்னார்டு மேடாஃப் என்னும் நிதி முதலீட்டாளர் கைதானார். பல்லாண்டுகளாய் அவர் நடத்தியது வெறும் மோசடி என்று வெளிப்பட்டது. மறு ஆண்டில் 150 வருடச் சிறைத்தண்டனை பெற்றார். அவர் யூதர்; யூதர்கள் பலர் அவரை நம்பினார்கள். யெஷிவா பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் குழுவில் அவர் பொருளாளராகவே இருந்தார். நாட்சிகளின் முகாமிலிருந்து உயிர்தப்பி, பின்னர் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் எலீ வீசலின் அறக்கட்டளை, ஏறத்தாழ 1 கோடியே 50 இலட்சம் டாலரை அவரிடம் இழந்தது. "நம்மவர்", "நல்ல குடும்பம்", "பெரிய கொடையாளி" என்னும் சொற்கள் கணக்குச் சோதனைக்குப் பதிலாக நின்ற இடங்களில் ஏழைகளின் பணம் போயிற்று. கூப்பாவுக்கு இருவர் வேண்டும் என்ற விதியில், அந்த இருவரும் நல்லவர்களாயிருந்தால் ஒருவர் போதும் என்று விலக்கு எதுவும் இல்லை. நல்லவரையும் பக்கத்தில் ஒருவரோடே அனுப்பினார்கள்.

எண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் ஏழையை மறந்துவிடுவோம். நான் சொல்லும் படிப்பில் இரண்டு பாடங்களும் ஒன்றோடொன்று உரசும் இடம் இதுவே. பழைய தேவாலயத்தில் மறைவின் அறை என்று ஒன்று இருந்ததாம். கொடுப்பவர் அதில் யாரும் காணாமல் வைத்துவிட்டுப் போவார். நொடித்துப்போன நல்ல குடும்பத்தார் யாரும் காணாமல் எடுத்துக்கொள்வார்கள். 12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மருத்துவரும் ரபீயுமாகிய மைமோனிடஸ், தர்மத்தை எட்டுப் படிகளாய் வகுத்தார். முகஞ்சுளித்துக் கொடுப்பது கடைசிப் படி. கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் ஒருவரையொருவர் தெரியாதிருப்பது இரண்டாம் படி. எல்லாவற்றிற்கும் மேலான முதற்படி, ஒருவன் விழுமுன் அவன் கையைப் பிடிப்பது: கடன் கொடுத்தோ, தொழிலில் கூட்டுச் சேர்த்தோ, வேலை தேடித் தந்தோ அவன் இனிப் பிறரிடம் கேளாதபடி செய்வது. அறிமுகமில்லாத ஒருவன் பசிக்கிறது என்று வந்தால் விசாரியாமல் உணவு கொடு. ஆடை வேண்டுமென்றால் விசாரித்துக் கொடு என்றும் அவர் எழுதினார். எதில் தாமதிக்கலாம், எதில் தாமதிக்கலாகாது என்று அவர் அறிந்திருந்தார்.

நண்பரின் கேள்வி இதுதான். நிர்வாக வகுப்பில், எத்தனை பேருக்கு உதவினீர்கள், என்ன பயன் விளைந்தது, சான்று காட்டுங்கள் என்று கற்பிக்கிறார்கள். கொடையாளிகள் புகைப்படம் கேட்கிறார்கள். நூலோ, மறைவாய்ச் செய் என்கிறது. மறைக்க வேண்டியதை எப்படி எண்ணிக் காட்டுவது? களப்பயிற்சிக்குப் போன நிறுவனத்தில் அவர் கண்ட வழியைச் சொன்னார். எவ்வளவு வந்தது, எத்தனை குடும்பங்களுக்கு, எதற்காகச் செலவாயிற்று என்பது எல்லாருக்கும் தெரியும்படி அச்சிட்டுக் கொடுப்பார்கள். யார் அந்தக் குடும்பங்கள் என்பது பொறுப்பிலிருக்கும் சிலருக்கு மட்டுமே தெரியும். அரிசிப் பையைக் கையில் கொடுத்துப் படம் பிடிப்பது அங்கே இல்லை. பணத்திற்கு வெளிச்சம், பெற்றவருக்கு மறைவு. நாம் பலமுறை இதை மாற்றிச் செய்கிறோம் அல்லவா? கணக்கு அலமாரிக்குள் இருக்கிறது. விதவைத் தாயின் முகம் சுவரொட்டியில் இருக்கிறது.

பிரியமானவர்களே, நம் பிரசங்கங்களில் "பரிசேயன்" என்னும் சொல் வேஷக்காரன் என்பதற்கு மறுபெயராய் வழங்குகிறது. அந்தப் பரிசேயரின் மரபில் வந்த ரபீக்களே, தெருவில் கிடந்த காசைத் தன் மடியில் போடாதே என்று எழுதினவர்கள். அவர்களுடைய சந்ததியார் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். அந்நூல்களை இன்றும் கற்று, அவற்றைக் கொண்டு மருத்துவமனைகளையும் முதியோர் இல்லங்களையும் நடத்துகிறார்கள். நம்முடைய சத்தியத்திற்கு உவமை சொல்லும் பின்னணியாக மட்டும் அவர்களைப் பார்ப்பது நியாயமன்று.

கமாலியேலின் பாதத்தருகே வளர்ந்த பவுலையும் இந்த வெளிச்சத்தில் பாருங்கள். யூதேயாவிலிருந்த சகோதரருக்கு அந்தியோகியா சபை அனுப்பிய உதவியைக் கொண்டுபோனது பர்னபாவும் சவுலும், இருவர். பின்னாளில் எருசலேமின் ஏழைகளுக்காகக் கொரிந்தியரிடம் பணம் சேர்க்கையில், தீத்துவோடு சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்ட வேறொரு சகோதரனையும் அனுப்பினார். இத்தனை பெருந்தொகையைக் குறித்து யாரும் தங்களைக் குற்றப்படுத்தாதபடி எச்சரிக்கையாயிருக்கிறோம் என்று அவரே காரணமும் எழுதினார். எருசலேம் சபையில், அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடப்பட்டபோது, அப்போஸ்தலர் ஜெபித்துவிட்டு முறையீட்டை மூடிவிடவில்லை. ஆவியாலும் ஞானத்தாலும் நிறைந்த ஏழு பேரை அந்த வேலைக்கு ஏற்படுத்தினார்கள். பந்தியைச் சரியாய்ப் பங்கிடுவதற்கு ஆவியின் நிறைவு வேண்டும் என்று அவர்கள் எண்ணியதை நாம் கவனிக்க வேண்டும்.

ஆகவே உங்களில் மூன்று வகையினருக்கு நான் தனித்தனியே சொல்ல விரும்புகிறேன். வணிகவியலோ கணக்கியலோ படிக்கும் பிள்ளைகளே, உங்கள் படிப்பு உலகத்துக்குரியது, இறையியல் படிப்பவரின் படிப்பே தேவனுக்குரியது என்று யாராவது சொன்னால், யாத்திராகமம் 38-ஐத் திறந்து காட்டுங்கள். தொண்டு நிறுவனங்களில் வேலை செய்ய விரும்புகிறவர்களே, நிர்வாகத்தை மட்டும் கற்றுவிட்டுப் போகாதீர்கள். ஏழையைப் பற்றி வேதம் என்ன சொல்கிறது என்பதையும் அதே உழைப்போடு கற்றுப் போங்கள். ஒன்றில்லாமல் மற்றொன்று நொண்டி நடக்கும். சபையின் பணப்பொறுப்பிலும், ஐக்கிய சங்கங்களின் சிறுசிறு சந்தாப் பொறுப்பிலும் இருக்கிற சகோதர சகோதரிகளே, யாரும் கேட்பதற்கு முன்பே கணக்கை எழுதிப் பலகையில் போடுங்கள். நாங்கள் உம்மை நம்புகிறோம் என்று மற்றவர்கள் சொன்னாலும், தனியாய் எண்ண ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மற்றவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. இந்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலை நோக்கிப் போகும்போது, பொருளாளர் எங்கே இருக்கிறார் என்று திரும்பிப் பாருங்கள். அவர் தனியாய் இருந்தால், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். அரைமணி நேரம் போதும். தொகையை இருவரும் சேர்ந்து எழுதி, இருவரும் கையொப்பமிட்டு எழுந்திருங்கள்.

உங்களுக்கு ஒப்புவிக்கப்பட்டவற்றில் கர்த்தர் உங்களை உண்மையுள்ளவர்களாய்க் காப்பாராக. ஆமென்.